கடலில் போனவனுக்குக் கல் எங்கே?

எங்கள் பக்கம் கருமாதிக்குக் கல் ஊன்றுவார்கள். செத்தவரை அந்தக் கல்லுக்கு வரவழைத்து, எண்ணெய் வைத்து, குளிப்பாட்டி, படையல் போட்ட பிறகுதான் வழியனுப்புவது. கல் ஊன்றாத சாவு முடியாத சாவு என்பது அப்பத்தாவின் நம்பிக்கை. கடற்படையில் எனக்கு வேலை கிடைத்த சேதியைச் சொன்னதும் அவர் கேட்டது ஒன்றுதான். "கடல்ல ஏதாச்சும் ஆயிப்போச்சுன்னா ஒனக்கு எங்கடா கல்லு ஊண்டுறது?"

அப்போது பதில் சொல்லத் தெரியவில்லை. எண்பதுகளில் எஞ்சின் அறையில் வேலை பார்த்த காலம் முழுக்க அந்தக் கேள்வி என்னோடு வந்தது. ஓய்வுபெற்று லோயர் கேம்புக்குத் திரும்பிய பிறகும் விடவில்லை.

அப்பத்தா கேட்டது பழைய கேள்வி. ஆண்டிபட்டி வட்டத்தில், வைகைக் கரையில் இருக்கும் புலிமான்கோம்பையில் 2006-ல் தமிழி எழுத்துப் பொறித்த நடுகற்கள் கிடைத்தன. கிறிஸ்து பிறப்பதற்கு முந்தைய காலத்தவை. கூடல் ஊரில் மாடு கவர நடந்த ஆகோள் பூசலில் மாண்டுபோன அந்தவன் என்பவனுக்கு நட்ட கல் அவற்றில் ஒன்று. அது எங்களுக்குப் பக்கத்துக் கூடலூர்தான் என்று இந்தக் கம்பம் பள்ளத்தாக்கில் பலரும் நம்புகிறோம். இரண்டாயிரம் வருடம் தாண்டியும் ஒரு மனிதனின் பெயரையும் அவன் செத்த காரணத்தையும் கல் பிடித்து வைத்திருக்கிறது. தரையில் விழுந்தவனுக்கு அது கிடைத்தது. தண்ணீரில் விழுந்தவனுக்கு?

1971 போரில், டிசம்பர் 9 இரவு, டையூவுக்கு அப்பால் ஐஎன்எஸ் குக்ரி கப்பலைப் பாகிஸ்தானின் ஹங்கோர் நீர்மூழ்கி டார்பிடோ அடித்து மூழ்கடித்தது. 18 அதிகாரிகள், 176 மாலுமிகள் போனார்கள். கேப்டன் மகேந்திரநாத் முல்லா தன் உயிர்காப்புச் சட்டையை இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டுக் கப்பலோடு இறங்கினார். பிழைத்த 67 பேரை மறுநாள் ஐஎன்எஸ் கட்சால் கப்பல் மீட்டது. கேப்டனைப் பற்றி நமக்குத் தெரிந்ததெல்லாம் பிழைத்தவர்கள் சொன்னதுதான்.

என் நினைப்பு எப்போதும் கீழ்த்தளத்துக்கே போகும். போர்க்காலத்தில் கதவுகளை இறுக மூடித்தான் கப்பல் ஓடும். எஞ்சின் அறையிலிருந்து மேலே வரச் செங்குத்தான இரும்பு ஏணி, ஒரு நேரத்தில் ஒரே ஆள்தான் ஏற முடியும். கைப்பிடி சூட்டிலும் எண்ணெய்ப் பிசுக்கிலும் வழுக்கும். விளக்கு போய், கப்பல் ஒருபக்கம் சாய்ந்தால் ஏணி எந்தப் பக்கம் என்றே தெரியாது. குக்ரி சில நிமிடங்களில் மூழ்கியது. அந்த ஏணியில் யார் முதலில் கால் வைத்தான், யார் விட்டுக்கொடுத்தான் என்று சொல்ல ஆள் இல்லை. டையூவில் கடலோர மேட்டில், கண்ணாடிக்குள் குக்ரியின் மாதிரியை வைத்து நினைவிடம் எழுப்பியிருக்கிறார்கள். ஆனால் போனவர்களில் மிகப் பலர் இன்னும் கப்பலோடு கடலடியில்தான் இருக்கிறார்கள்.

அவர்களுக்கு வழி உண்டா? உண்டு என்பதே என் பதில். அதற்கு ஆதாரம் எங்கள் ஊரிலேயே இருக்கிறது. 2013-ல் இங்கே திறந்த மணிமண்டபத்தில் ஜனவரி 15-ல், பெரியாறு அணை கட்டிய பென்னிகுயிக்குக்குப் பொங்கல் வைக்கிறோம். அவர் உடல் இங்கிலாந்தில் ஃபிரிம்லி தேவாலயத் தோட்டத்தில் இருக்கிறது. உடம்பு இங்கே இல்லையே, கும்பிடு போய்ச் சேருமா என்று யாரும் கேட்டதில்லை. அவர் நம் சாதியுமில்லை, மதமுமில்லை, நாட்டுக்காரருமில்லை. கடன்பட்டவன் நினைத்தால் போதும் என்று நம் சனம் படிக்காமலே புரிந்துவைத்திருக்கிறது.

அடுத்த கேள்விதான் கடினம். குக்ரிக்கு ஆறு நாள் முன்னால், டிசம்பர் 3 நள்ளிரவை ஒட்டி, விசாகப்பட்டினத்துக்கு வெளியே பாகிஸ்தானின் காஸி நீர்மூழ்கி உள்ளிருந்த அத்தனை பேரோடும் முழுகியது. தொண்ணூறுக்கு மேற்பட்ட உயிர். நம் ராஜ்புத் கப்பல் போட்ட ஆழ்கடல் குண்டால் என்பது நம் தரப்பு. உள்ளுக்குள் நடந்த வெடிப்பு என்பது அவர்கள் தரப்பு. அந்த ஊர்க் கடற்கரையில் 1996-ல் கட்டிய வெற்றிச் சின்னம் இருக்கிறது. அங்கே போய் நின்றபோதெல்லாம் என் பெருமையில் குறைவில்லை. ஆனால் காஸியிலும் எஞ்சின் அறை உண்டு, ஏணி உண்டு, என் வேலையைச் செய்தவன் ஒருவன் உண்டு. அவனுக்காக நான் கையேந்தலாமா?

கம்பத்தில் ராவுத்தர் வீட்டு நண்பர் ஒருவரிடம் இதைக் கேட்டேன். "மாமா, மையத்து முன்னால இல்லாம தொழுகிறதக் காயிப் ஜனாஸான்னு சொல்லுவாங்க. ஷாபிக்காரங்க தொழுவாங்க, எங்க ஹனபி மத்ஹபுல அது இல்ல. ஆனா துஆ கேக்குறத யாரு தடுக்க முடியும்? தண்ணியில முங்கி மவுத்தானவுகளுக்கு ஷஹீது அந்தஸ்து இருக்குன்னு ஹதீஸே இருக்கு" என்றார். அவர் மார்க்கம் கடலில் போனவனைக் கைவிடவில்லை என்பது எனக்குப் பெரிய ஆறுதல்.

நம் பக்கத்திலும் இடம் இருக்கிறது. சுருளித் தீர்த்தத்தில் அமாவாசைக்குத் தர்ப்பணம் கொடுப்பவர்கள் கவனித்திருப்பார்கள். அப்பா வழி, அம்மா வழி எல்லாம் முடிந்தபின், தண்ணீர் விட நாதியில்லாதவர்களுக்கென்று கடைசியாக ஒரு கை எள்ளுந்தண்ணீர் விடச் சொல்வார் ஐயர். அதில் பெயர் கேட்பதில்லை, கோத்திரம் கேட்பதில்லை. எதிரியா என்றும் கேட்பதில்லை. அந்தக் கை நீரை நான் குக்ரிக்கும் காஸிக்கும் சேர்த்தே விடுகிறேன். ஜெயித்த நாடு செத்தவனிடம் பகை பாராட்டுவது தர்மமில்லை என்பது என் முடிவு. நாட்டுப்பற்றுக்கு இதனால் ஒரு குறையும் வராது.

வருகிற தை அமாவாசைக்குச் சுருளிக்கு வருகிறவர்கள் அந்தக் கடைசிக் கை நீரை அவசரமாக உதறிவிட்டு எழுந்துவிடாதீர்கள். கடலுக்குள் போனவர்களையும் ஒரு நிமிடம் நினைத்து விடுங்கள்.