அருவிக்குள் போன் எடுக்காது

ஆடிச் சாரலில் குற்றாலம் ஐந்தருவிக்குப் போயிருந்தேன். உடம்பெல்லாம் எண்ணெய் வழிய ஒருவர் படியோரம் நின்றிருந்தார். கையில் பாலிதீன் கவருக்குள் போன். வழுக்கும் விரலால் ஏதோ தட்டுவதும் அழிப்பதும் மறுபடி தட்டுவதுமாக இருந்தார். "வாங்கப்பா, கூட்டம் குறைஞ்சிருக்கு" என்று மகன் கையைப் பிடித்து இழுத்தான். "ஒரு நிமிஷம்டா, மேனேஜர்."

அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்த ஓர் இரவு, பதினோரு மணிக்கு அலுவலகத்திலிருந்து வந்த கேள்விக்குக் கட்டில் பக்கத்தில் நின்றே பதில் எழுதியவன் நான். காலையில் சொல்லியிருந்தாலும் போதும். ஆனால் நான் பார்த்துவிட்டதை அந்த இரண்டு நீல டிக் காட்டிக்கொடுத்திருந்தது. அம்மா விழித்திருந்தார் என்பதை மறுநாள்தான் அறிந்தேன்.

இதே குற்றாலத்தில் வாழ்ந்து 1954இல் மறைந்தவர் தமிழறிஞர் ரசிகமணி டி.கே.சி. ராஜாஜியும் கல்கியும் அவரைத் தேடி வருவார்கள். அவர் நண்பர்களுக்கு எழுதிய கடிதங்கள் புத்தகமாகவே வந்திருக்கின்றன. ஒரு கடிதம் போய்ப் பதில் வர நாள்கணக்கில் ஆகும். அந்த நாட்களில் அவரிடம் யாரும் பதில் கேட்க முடியாது.

அந்தக் காலம் திரும்ப வேண்டும் என்று நான் கேட்கவில்லை. தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையில் உட்கார்ந்தே மென்பொருள் எழுத முடிகிறதென்றால், அது இணையம் தந்த வரம். பிள்ளைகள் ஊரைவிட்டுப் போக வேண்டியதில்லை. ஆனால் வேலை வீட்டு வாசலுக்கு வந்தபோது, வாசற்கதவைச் சாத்தும் உரிமையும் கூடவே வந்திருக்க வேண்டும். பிரான்ஸில் 2017 முதலும் ஆஸ்திரேலியாவில் 2024 முதலும், வேலை நேரம் முடிந்தபின் பதில் சொல்லாமலிருக்கும் அந்த உரிமைக்குச் சட்டம் இருக்கிறது. இங்கே சுப்ரியா சுலே 2018இல் மக்களவையில் இதற்காகக் கொண்டுவந்த தனிநபர் மசோதா சட்டமாகவில்லை.

'நீங்களே போனை அணைத்து வையுங்களேன்' என்று சொல்பவர்கள் உண்டு. சம்பளம் வாங்குகிறவனால் அது தனியாக முடிகிற காரியமா? ஐந்தருவியில் வெள்ளம் கூடினால் போலீஸ் குளிக்கத் தடை போடுகிறது. அவரவர் மனஉறுதிக்கு விட்டுவிடுவதில்லை.

கடைசியில் அவர் போனை மனைவியிடம் கொடுத்துவிட்டு மகனோடு அருவிக்குள் போனார். தலையில் தண்ணீர் விழுந்ததும் இரண்டு பேரும் வாய்விட்டுக் கத்தினார்கள். அந்தம்மாள் மடியிலிருந்த கூடைக்குள் போன் ஒளிர்ந்தது. ஒரு கணம் பார்த்தார். பிறகு, துண்டை எடுத்து அதன்மேல் போட்டார்.