கடலில் எறிந்த மூட்டை

சீடன்: ஐயா, தேர்வில் தமிழுக்கு 90, கணக்குக்கு 30. கூட்டி வகுத்து 60 என்று போட்டு, ‘ஆவரேஜ் பையன்’ என்று சொல்லிவிட்டார்கள். நான் எதிலும் 60 வாங்கவில்லையே! இல்லாத எண்ணுக்கு நான் எப்படிப் பொறுப்பு?

குரு: அந்த ஆங்கிலச் சொல்லின் பிறப்பைக் கேள். பழுது, சேதம் என்று பொருள்படும் ‘அவார்’ என்ற அரபுச் சொல் இத்தாலியத் துறைமுகங்களில் ‘அவாரியா’ ஆகி, பிரெஞ்சு வழியே ஆங்கிலத்துக்குப் போனது என்பது அறிஞர் பலர் கருத்து. புயலில் கப்பல் தத்தளிக்கிறது. பாரம் குறைய, கைக்கு எட்டிய மிளகு மூட்டைகளைக் கடலில் எறிகிறார்கள். கப்பல் பிழைத்தது. மூட்டைக்காரன் மட்டும் ஆண்டியாவதா? கூடாது, நட்டத்தை எல்லாரும் பங்கிடவேண்டும் என்றது ரோட்ஸ் தீவின் பெயரால் வழங்கிய கடல் சட்டம். 6ஆம் நூற்றாண்டில் ஜஸ்டினியன் தொகுக்கச் செய்த ரோமானியச் சட்டத்திலும் அது உண்டு. கப்பல் 500 பொன், ஒருவன் சரக்கு 300, மற்றவன் சரக்கு 200 என்று வைத்துக்கொள். மற்றவன் சரக்கில் 100 பொன் கடலோடு போயிற்று. மொத்தம் 1000, நட்டம் பத்தில் ஒரு பங்கு. கப்பல்காரன் 50, முதல் வணிகன் 30 தர, இழந்தவனுக்கு 80 திரும்பும். அவன் பங்கு நட்டம் 20. 2021இல் சூயஸ் கால்வாயில் ‘எவர் கிவன்’ கப்பல் தரைதட்டியபோதும் இந்த விதிதான் வந்து நின்றது. கீறல்கூட விழாத சரக்குக்கும் பிணை கொடுக்கவேண்டியிருந்தது. 18ஆம் நூற்றாண்டில் இந்தப் பங்கீட்டின் பெயர், கூட்டி வகுத்து வரும் எண்ணுக்கும் ஆகிவிட்டது.



  

சீடன்: சரக்கின் கணக்கு மனிதனுக்கு எப்படிப் பெயரானது?

குரு: நல்ல கேள்வி. 1835இல் பெல்ஜிய வானியலாளர் கெட்லே ‘சராசரி மனிதன்’ என்று ஒருவனைக் கற்பித்தார். அவனையே இலட்சியமாகவும் பார்த்தார். பிறகு அந்த மனிதனுக்கு ஆசனம் செய்யப் போனவர்கள் திண்டாடினார்கள். அமெரிக்க விமானப் படையில் கில்பர்ட் டேனியல்ஸ் என்ற இளைஞர் 4,063 விமானிகளின் அளவுகளைப் பார்த்தார். உயரம், மார்பு, கை நீளம் என்று பத்து அளவுகள். ஒவ்வொன்றிலும் நடுவில் நிற்கும் 30 விழுக்காட்டினரைச் சராசரி என்று தாராளமாகவே எடுத்துக்கொண்டார். பத்திலும் சராசரியானவர் எத்தனை பேர்? ஒருவரும் இல்லை. ஏன்? மூட்டைக்குத் திரும்பு. ஒருவன் பொன் இன்னொருவன் நட்டத்தை அடைக்கும். நெட்டையன் கை குட்டையனுக்கு ஒரு விரற்கடையும் கடன் தராது. மிகுதி குறையை நிரப்பக்கூடிய இடத்தில் சராசரி நேர்மையான சொல். நிரப்ப முடியாத இடத்தில் அது வெறும் வகுத்தல். ஊரின் அரிசி விளைச்சலைச் சராசரியாகச் சொல்வதில்கூட ஒரு நிபந்தனை இருக்கிறது: நிறைந்த குதிரிலிருந்து காலிக் குதிருக்கு நெல் போகவேண்டும். போகாவிட்டால் அந்த எண் யார் பசிக்கும் சோறாகாது.

சீடன்: தெளிந்தேன் ஐயா. என் தமிழ் 90, கணக்குக்கு எதையும் தந்துவிடவில்லை. ஆகவே நான் ஆவரேஜ் இல்லை!

குரு: இல்லை. கணக்கில் 30 வாங்கியவன். நாளை விடியற்காலை புத்தகத்தோடு வா. அந்த நட்டத்தைப் பங்குபோட எந்த வணிகனும் வரமாட்டான்.