ஊர் கேட்பதோ, குலம் கேட்பதோ?

நம் முன்னோர் எவ்வூரினின்று வந்தனர் என்று யோங் பெங் இளைஞர் சிலர் நம்மிடம் கேட்கின்றனர். தோட்டத்துக் கிராணியென்றால் பழைய செக்ரோல் புத்தகமெல்லாம் அவன் பெட்டியில் அடைபட்டிருக்கும் என்பது அவர்கள் எண்ணம் போலும்! கேட்பது நன்றே. ஆயினும் அவர்கள் தேடுவது ஊரையா, குலத்தையா?

1860-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள் சென்னையினின்று சென்ற ‘ட்ரூரோ’ கப்பல் நேட்டாலை அடைந்தது. அதுதொட்டு 1911 வரை அங்குச் சென்ற 1,52,184 பேரைப் பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, கிராமம் என்று கப்பல் ஏடுகள் பதிந்து வைத்துள்ளன. மலாயாவிலோ ஒப்பந்தக் கூலிக்கு ஆள் சேர்ப்பது 1910-இல் நின்றது. பின் வந்தோரிற் பலர் கங்காணியின் கைப்பிடித்து நாகப்பட்டினத்திற் கப்பலேறியவர். 1938-இல் இந்திய அரசாங்கம் அவ்வழியையும் அடைத்தது. இன்று நம் அடையாளச் சீட்டில் ‘அனாக் லெலாக்கி’ என்பதற்கப்பால் தகப்பன் பெயரொன்றே நிற்கும். பாட்டன் அதிலில்லை, பாட்டியைக் கேட்பானேன்! காதில் விழுந்தவாறு ஆங்கில எழுத்தில் ஏற்றிய பெயர்களோ அண்ணனுக்கொரு விதம், தம்பிக்கொரு விதம். ஆங்கிலங் கற்ற நமக்கு அவ்வெழுத்து விளங்கும். அதனுள் அமிழ்ந்த ழகரமா ளகரமா என்பது விளங்காது.

ஏட்டிலே சாதிக்கும் ஒரு கட்டமுண்டன்றோ? அங்குதான் சிக்கல். தன்னைத் தாழ்த்திய பெயரை ஒருவன் வங்கக் கடலில் வீசிவிட்டு வந்தானெனின், பேரன் அதனை வலைபோட்டெடுத்துக் கலியாணப் பேச்சிலே விரித்து வைப்பது முன்னோர்க்குச் செய்யும் மரியாதையா? உண்மையை அறிய உரிமையுண்டு என்பர். உண்டு, மறுக்கவில்லை. அறிந்ததைக் கொண்டு பிறர் வீட்டுப் பெண்ணை வேண்டாமென்று தள்ளும் உரிமை எங்கிருந்து வந்தது?

அப்படியாயின் தேடவே வேண்டாமோ எனின், தேடவே வேண்டும். 1942, 43-ஆம் ஆண்டுகளில் சயாம் ரயில் பாதைக்கு நம் தோட்டத்து மக்கள் ஆயிரமாயிரமாக இழுத்துச் செல்லப்பட்டனர். காஞ்சனபுரியில் வெள்ளைப் போர்க் கைதிகள் ஏறக்குறைய 7,000 பேருக்கு வரிசை வரிசையாகக் கல்லறைகள் உள. அப்பாதையில் மாண்ட நம்மவரிற் பெரும்பாலோர்க்குப் பெயர் பொறித்த ஒரு கல்லும் இல்லை. தோட்டத்திலும் பட்டணத்திலும் கண்மங்கிய கிழவியர் இன்னும் சிலர் உளர். தாயின் தாய் பெயரென்ன, எத்துறையிற் கப்பலேறினர், சயாமுக்குச் சென்று திரும்பாதவர் யாரென்று அவர்களைக் கேட்டு இவ்வாரமே எழுதுங்கள். சாதிக் கட்டத்தைக் காலியாக விடுங்கள், கிழவியர் கோபிக்கமாட்டார்.