கைத்தொழிலும் ஊர்ப்பொறுப்பும்

கீழ்வேளூர்க் கேடிலியப்பர் ஆலயத்தின் படிகளில் ஏறும்போதெல்லாம், யானை ஏறவொண்ணாத இந்த மாடக்கோயிலை எழுப்பியவன் கோச்செங்கட் சோழன் என்று வழிவழியாகச் சொல்லிவரும் நாம், அவன் எண்ணத்தைக் கல்லில் நிறுத்திய தச்சனின் பெயரை மட்டும் தொலைத்துவிட்டோமே என்ற ஏக்கம் என் மனத்தில் எழும். தஞ்சைப் பெரிய கோயிலின் சாசனம் குஞ்சரமல்லன் இராஜராஜப் பெருந்தச்சன் என்ற பெயரைப் பொறித்து வைத்தது அபூர்வமான பாக்கியம். ஆனால் பெயர் நிலைத்தால் மட்டும் போதுமா? ஊருக்கு உருவம் கொடுத்தவனுக்கு ஊர்க்காரியத்தில் என்ன ஸ்தானம் இருந்தது?

முதற் பராந்தகன் காலத்து உத்தரமேரூர்ச் சாசனம், ஊர்ச்சபை வாரியங்களுக்கு ஆள் தேரும் குடவோலையில் பெயர் எழுதப்படுவதற்கு, வரி செலுத்தும் கால்வேலிக்கு மேற்பட்ட நிலமும், சொந்த மனையில் வீடும், வேதப் பயிற்சியும், 35-க்கு மேல் 70-க்குள் வயதும் வேண்டுமென்று விதித்தது; கணக்குக் காட்டாதவனையும் அவன் உறவினரையும் விலக்கியது. கணக்கைப் பற்றிய அந்த விதியை நான் மனமாரப் போற்றுகிறேன். ஆயினும் உளியும் துருத்தியும் பிடித்தவனுக்கு அந்தணர் ஊரான அந்தப் பிரமதேயத்தின் சபை வாயில் திறக்கவில்லை. அது பெரிய நஷ்டம் என்பதே என் துணிபு.

ஏனெனில் பொதுக்காரியத்துக்கு வேண்டிய ஒழுக்கம் பட்டறையிலேயே பழகுகிறது. சுவாமிமலை ஸ்தபதி, விக்கிரகத்தின் உயரத்துக்குத் தென்னங்கீற்றை நறுக்கி, தாளக் கணக்குப்படி அதை மடித்து மடித்து, முகம் இவ்வளவு, மார்பு இவ்வளவு என்று குறித்துக்கொள்கிறார். அந்த ஒடியோலையை மீறித் தம் கைக்குப் பிடித்தபடி ஓர் அங்குலம் கூட்டவோ குறைக்கவோ அவர் துணிவதில்லை. பின்பு மெழுகுருவத்தின்மேல் காவிரி வண்டலைப் பூசி, உலர்த்தி, சூட்டில் மெழுகை உருக்கி வடித்துவிட்டு உலோகத்தை வார்க்கிறார். ஒருவர் கண்ணுக்கும் படாத அந்த மண்கூட்டுக்குள் செய்த பிழை, கூட்டை உடைக்கும் நாளில் தப்பாமல் வெளிப்பட்டுவிடும். தன் விருப்பத்தினும் அளவைப் பெரிதாக மதிக்கும் இந்தப் பணிவு நாற்காலியில் அமர்ந்தபின் வருவது அரிது.

இது வெறும் கற்பனை அன்று. மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டு, அச்சுக்கூடத்தில் ஈய எழுத்துக்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கோத்துப் பிழைத்த ம.பொ. சிவஞானம், சென்னை மாநகராட்சியின் ஆல்டர்மேனாகவும், வடக்கெல்லைப் போராட்டத்தின் தலைவராகவும், பிற்காலத்தில் சட்ட மேலவைத் தலைவராகவும் விளங்கினார். எழுத்துக்களைத் தலைகீழாக வாசித்துப் பிழை களைந்த கண், திருத்தணியை மீட்ட அந்தப் போராட்டத்திலும் கூர்மையாகவே இருந்தது. மாநகரில் நிகழ்ந்த இது கீழ்வேளூர் போன்ற பேரூரில் நிகழக் கூடாதா?

இன்று பேரூராட்சியில் போட்டியிட நிலமும் வேண்டாம், வேதமும் வேண்டாம். வேறு சட்டத்தடை இல்லையெனில் 21 வயதும் வாக்காளர் பட்டியலில் பெயருமே போதும். ஆயினும் பணமும் கட்சியும் இல்லாமையால் தச்சரும் கொல்லரும் ஒதுங்கி நிற்கிறார்கள். அடுத்த தேர்தல் வருமுன், உங்கள் வார்டில் வாக்குத் தவறாது வேலையை முடித்துக் கொடுக்கும் தொழிலாளி ஒருவரின் பட்டறைக்கு நீங்களே சென்று, நிற்கும்படி கேளுங்கள்.