அடைக்கலமாகிய உத்தரவாதம்

குளிர்பதனப் பெட்டியோ, மாவரைக்கும் கிரைண்டரோ, இன்வெர்ட்டர் பேட்டரியோ எதனை வாங்கினும் பற்றுச்சீட்டுடன் ஓர் அட்டையும் நம் கையில் தரப்பெறுகின்றது. உத்தரவாத அட்டை என்று அதனை வழங்குகின்றோம். அதில் தேதியிட்டு முத்திரை குத்தித் தருங்கால் கடைக்காரர் முகத்தில் காணும் மலர்ச்சி, சில திங்கள் கழித்து அதே அட்டையை நாம் நீட்டும்போது காணப்பெறுவதில்லை. "நாங்கள் விற்பவர்கள் மட்டுமே, கம்பெனியைக் கேளுங்கள்" என்பது அவர் விடை. கம்பெனியின் பணிமனைக்குச் சென்றால், "விற்றவரிடம் கொடுங்கள், அவர் அனுப்பி வைப்பார்" என்பது அவர்கள் விடை. இவ்விரு விடைகளுக்கும் இடையே நடந்து நடந்தே உத்தரவாதக் காலம் கழிந்துபோதலும் உண்டு.

இதில் அறநோக்கில் ஆராயத்தக்க வினா ஒன்றுள்ளது. அக்கடைக்காரர் பொய் கூறினாரா என்றால், கூறியதாகச் சொல்ல இயலாது. பொருளைச் செய்தவர் வேறொருவர் என்பது மெய்யே. களவு செய்தாரா என்றால், குறித்த விலையைத்தானே பெற்றார்! எடையிலும் குறைக்கவில்லை, போலியையும் தரவில்லை. அவ்வாறாயின் அவர் செய்தது குற்றமா, வணிகத்தில் இயல்பாக நேரும் இடர்ப்பாடா? வாணிகத்தையே வாழ்வாகக் கொண்டோர் நம்முள் பலர் உளராதலின் இவ்வினாவை எளிதில் கடந்து செல்லுதல் தகாது.

விடையை நம் ஆசாரியர்கள் எண்ணிப் பாராத ஓரிடத்தில் வைத்துச் சென்றுள்ளனர். தத்துவார்த்த சூத்திரத்தின் 7ஆம் அத்தியாயம் சாவகரின் வாய்மை விரதத்திற்கு ஐந்து அதிசாரங்களைக் கூறுகின்றது. அவற்றுள் ஒன்று நியாசாபகாரம், அதாவது அடைக்கலப்பொருளை வௌவுதல். பூச்சியபாதர் தம் சர்வார்த்தசித்தி உரையில் இதனை விளக்கும் முறை மிக நுட்பமானது. ஒருவன் பொன் முதலிய பொருளை மற்றொருவனிடம் நம்பி வைத்துச் செல்கின்றான். மீண்டும் வருங்கால், தான் வைத்த அளவை மறந்து, குறைத்துக் கேட்கின்றான். வைத்திருப்பவன் உண்மை அளவை அறிந்தும், "ஆம், அவ்வளவே" என்று உடன்பட்டுவிடுகின்றான். கேட்டதைக் கேட்டவாறே கொடுத்தவன்மேல் எவரும் வழக்குரைக்க இயலாது. எனினும் அது விரதக்கேடு. மேலும் இதனைக் கள்ளாமையின் அதிசாரங்களோடு சேர்க்காமல் வாய்மையின் அதிசாரங்களுள் வைத்தமை ஈண்டு நோக்கத்தக்கது. மிஞ்சிய பொன் பெட்டியில் தங்குவதற்கு முன்னரே, "ஆம்" என்ற அச்சொல்லிலேயே குற்றம் நிகழ்ந்து முடிந்துவிட்டது.

உத்தரவாதமும் இத்தகையதோர் அடைக்கலம் என்பது எம் கருத்து. வாங்குபவர் கொடுக்கும் விலையில் பின்னர் நேரக்கூடிய பழுதை நீக்குவதற்குரிய செலவும் அடங்கியுள்ளது. அதனை அவர் முன்னரே செலுத்திவிட்டு, உரிமையை மட்டும் விற்றவரிடத்தும் செய்தவரிடத்தும் வைத்துச் செல்கின்றார். அட்டை அதற்குரிய ஓலை. ஆனால் தாம் வைத்தது எவ்வளவு என்பதை வைத்தவரே அறியார். அட்டையின் பின்புறத்தில், மூக்குக்கண்ணாடி அணிந்தும் படிக்கவியலாத ஆங்கிலச் சிற்றெழுத்தில் அது கிடக்கின்றது. முழு அளவையும் அறிந்தவர் வைத்திருப்பவரே.

எமக்கு நன்கறிமுகமான முதியவர் ஒருவர்க்கு நேர்ந்ததை இதற்குச் சான்றாகக் காட்டலாம். அவர் வாங்கிய குளிர்பதனப் பெட்டி பதினான்காம் திங்களில் குளிர்விப்பதை நிறுத்திவிட்டது. பெட்டி முழுமைக்கும் ஓராண்டு, கம்ப்ரசருக்கு மட்டும் பத்தாண்டு என்பது அதன் உத்தரவாதம். இக்காலத்தில் இவ்வாறு பிரித்து வழங்குதல் பெருவழக்கே. முதியவர் ஓராண்டை மட்டும் நினைவில் கொண்டிருந்தார். கடைக்குச் சென்று, "உத்தரவாதம் முடிந்துவிட்டது, பழுது பார்க்க என்ன செலவாகும் தம்பி?" என்று அவரே கேட்டார். கடைக்காரர் தலையசைத்து, கம்ப்ரசர் மாற்ற 7,000 ரூபாய் ஆகும் என்றார். பணமும் பெற்றுக்கொண்டார். விடுமுறைக்கு வந்த பேரன் அட்டையைப் படித்த பின்னரே செய்தி வெளிப்பட்டது. வாயு நிரப்பும் கட்டணமும் கூலியும் கொடுக்க வேண்டியிருந்திருக்கலாம். கம்ப்ரசருக்கு ஒரு காசும் கொடுக்க வேண்டியிருந்திராது. கேட்டபோது கடைக்காரர், "ஐயா உத்தரவாதம் இருக்கிறதென்று என்னிடம் சொல்லவே இல்லையே" என்றாராம். ஆசாரியர் காட்டிய அடைக்கலக் கதை அப்படியே ஒரு கடைத்தெருவில் நடந்துவிட்டது.

சிறுகடைக்காரரின் நிலையையும் எண்ணிப் பார்த்தல் முறையாகும். மொத்த விற்பனையாளர் பழுதான பொருளை எளிதில் திரும்பப் பெறுவதில்லை. பெற்றாலும் ஈடு வந்துசேரப் பல திங்கள் ஆகும். பிறர் கொடுத்த வாக்குறுதிக்குத் தம் கைப்பொருளை இழக்க வேண்டுமா என்று அவர் கேட்பாராயின் அக்கேள்வியில் நியாயம் உண்டு. ஆயினும் அவ்வாக்குறுதியைக் காட்டியே அன்று அவர் பொருளை விற்றார், ஆதாயமும் கண்டார். இழப்பை யார் எவ்வளவு ஏற்பது என்பதில் கருத்து வேறுபடலாம். ஆனால் மேற்சொன்ன அதிசாரம் சொல்லைப் பற்றியதாகலின் அதனைத் தவிர்க்கக் கைப்பொருள் எதுவும் தேவையில்லை. "உங்களுக்கு இன்ன உரிமை இருக்கிறது, இன்னாரிடம் கேளுங்கள், என்னால் இவ்வளவுதான் இயலும்" என்று கூறுவதற்கு எத்துணை வறிய வணிகராலும் இயலும்.

சட்டத்தின் நிலையையும் அன்பர்கள் அறிந்திருத்தல் நலம். 1986இல் இயற்றப்பெற்ற நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் இடத்தில் இப்போது 2019ஆம் ஆண்டுச் சட்டம் நடைமுறையில் உள்ளது. அதன் பெரும்பகுதி 2020 ஜூலை 20 முதல் செயலுக்கு வந்தது. குறையுள்ள பொருளைப் பற்றுச்சீட்டில் குறித்த காலத்திற்குள், அவ்வாறு குறிக்கப்பெறாவிடின் 30 நாட்களுக்குள், திரும்பப் பெற மறுத்தலை அச்சட்டம் முறையற்ற வணிகச் செயலுள் ஒன்றாக வைத்துள்ளது. "விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது" என்று சீட்டின் அடியில் அச்சிட்டிருப்பதைக் கண்டு அஞ்சித் திரும்புவோர் இதனை நினைவில் கொள்க. வழக்கிற்குரிய காரணம் எழுந்த நாள் முதல் ஈராண்டுக்குள், தாம் வாழும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே முறையிடலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 இலட்சம் ரூபாய் வரையாயின் கட்டணமும் இல்லை. 1915 என்னும் தொலைபேசி எண்ணில் முதலில் கேட்டறிதலும் ஆகும்.

இவ்வாறு முறையிடுதல் பொறைக்கு மாறாகாதா என்று நம் அன்பர்களுள் சிலர் வினவுவர். "போகட்டும், ஏழாயிரம் ரூபாய்க்கு என்ன மனவருத்தம்" என்று அம்முதியவரே கூறினார். அவர் இழந்தது அவர் பொருள். அதனை விட்டுக்கொடுக்க அவருக்கு உரிமையுண்டு. ஆனால் அக்கடையின் வாயிலில் அடுத்து வந்து நிற்கப்போகும் கைம்பெண்ணின் பொருளை விட்டுக்கொடுக்க அவருக்கு உரிமையில்லை. பிறர்க்கு இழைக்கப்படும் தீங்கை நாம் பொறுத்துக்கொள்வதற்குப் பொறை என்று பெயரிடுதல் பொருந்துமா? சினமின்றி ஒரு கடிதம் எழுதலாம். நகல் வைத்துக்கொண்டு அஞ்சலில் அனுப்பலாம். கடை வாயிலில் நின்று வசை பாடுதலே பொறைக்கு மாறானது, பெரும்பாலும் பயனற்றதுங்கூட.

வாங்குவோர் பக்கத்திலும் கேடு இல்லாமலில்லை. வாய்மை விரதத்தின் அதே ஐந்து அதிசாரங்களுள் பொய்யோலை எழுதுதலும் ஒன்று. உத்தரவாதம் முடிந்து சின்னாட்கள் சென்றிருக்க, பழகிய கடைக்காரரிடம், "தேதியைச் சற்றே மாற்றி எழுதித் தாருங்கள்" என்று கேட்போர் உளர். மறுத்தால் நெடுநாள் வாடிக்கையாளரை இழப்போமே என்று அஞ்சி அவரும் எழுதித் தருகின்றார். இப்போது பல நிறுவனங்கள் பொருளின் வரிசை எண்ணை விற்ற நாளோடு கணினியில் பதிந்துகொள்வதால் இத்திருத்தத்திற்கு இடம் குறைந்து வருகின்றது. ஆனால் பழுது பார்க்க வந்த பணியாளர் கிரைண்டரின் விளிம்பில் உள்ள நசுங்கலைக் காட்டி, "இது கீழே விழுந்ததா அம்மா?" என்று கேட்குங்கால், அதற்குரிய விடை எந்தக் கணினியிலும் இல்லை.