பணயம் வைக்கும் உரிமை

சூதாட்டத்தைப் பற்றித் தமிழ்நாட்டில் கடந்த சில ஆண்டுகளாக நடந்துவரும் விவாதம் பெரும்பாலும் நீதிமன்றங்களின் மொழியிலேயே நடந்துவருகிறது. அந்த மொழி எழுப்பும் முதன்மையான கேள்வி, குறிப்பிட்ட ஓர் ஆட்டம் திறன் விளையாட்டா, வாய்ப்பு விளையாட்டா என்பதாகும். ஆடுபவரின் நினைவாற்றலும் கணிப்பும் பயிற்சியும் வெற்றியைப் பெரிதும் தீர்மானிக்குமானால் அது திறன் விளையாட்டு. பகடையின் புரளலோ சக்கரத்தின் சுழற்சியோ தீர்மானிக்குமானால் அது வாய்ப்பு விளையாட்டு. 1957இல் சமர்பாக்வாலா வழக்கில், சூதாட்டம் அரசமைப்புச் சட்டம் பாதுகாக்கும் வணிகம் ஆகாது என்று உரைத்த உச்ச நீதிமன்றம், திறன் மேலோங்கிய போட்டிகளை அந்த விலக்கிலிருந்து பிரித்து வைத்தது. 1967இல் சத்தியநாராயணா வழக்கில் ரம்மியையும், 1996இல் கே.ஆர். லட்சுமணன் வழக்கில் குதிரைப் பந்தயத்தையும் அது திறனின் பக்கத்தில் சேர்த்தது. இந்தப் பிரிவினை ஒரு வழக்கைத் தீர்க்கப் போதுமானதாக இருக்கலாம். ஓர் அறக்கேள்வியைத் தீர்க்க அது போதாது. திறன் என்ற சொல் ஆட்டத்துக்குச் சட்டத்தின் காப்பைத் தருகிறதே தவிர, அந்த ஆட்டத்தில் பணம் யாரிடமிருந்து யாருக்குப் போகிறது என்பதைப் பற்றி எதுவும் சொல்வதில்லை.

இந்தக் கேள்வியை ஓர் ஊரின் அளவுக்குக் குறுக்கிப் பார்ப்பது பயன் தரும். புதுக்கோட்டை மாவட்டத்து ஆலங்குடி, குருதலமாகப் பெயர்பெற்ற திருவாரூர் மாவட்டத்து ஆலங்குடி அன்று. இது புதுக்கோட்டைக்குக் கிழக்கே உள்ள வட்டத் தலைநகரம், ஒரு பேரூராட்சி. புதுக்கோட்டைச் சமஸ்தானம் இருந்த காலத்தில் ஆலங்குடி, குளத்தூர், திருமயம் என்ற அதன் மூன்று வட்டங்களுள் ஒன்றாக இருந்தது. சூதாட்ட விடுதிகளைத் தண்டிக்கும் 1930ஆம் ஆண்டுச் சட்டம் சென்னை மாகாணத்துக்காக இயற்றப்பட்டபோது ஆலங்குடி அந்த மாகாணத்துக்கு வெளியே இருந்தது. 1948இல் சமஸ்தானம் இணைந்த பிறகே அச்சட்டம் இவ்வூரை எட்டியது. இணையவழிச் சூதாட்டத்தைத் தடைசெய்யும் தமிழ்நாட்டுச் சட்டம் உருவான காலத்திலோ, சட்டத்துறை அமைச்சராக இருந்த எஸ். ரகுபதி அந்தப் பழைய மூன்று வட்டங்களுள் இன்னொன்றான திருமயத்தின் சட்டமன்ற உறுப்பினர். ஒரு காலத்தில் சூதுச் சட்டம் தாமதமாக வந்துசேர்ந்த மண்ணிலிருந்தே புதிய சட்டத்தின் பொறுப்பாளர் வந்தது கவனிக்கத்தக்கது.

அச்சட்டத்தின் வழி எளிதாக இருக்கவில்லை. 2020 நவம்பரில் அவசரச் சட்டமாகப் பிறந்து 2021இல் சட்டமான முதல் முயற்சியை, 2021 ஆகஸ்ட் 3 அன்று சென்னை உயர் நீதிமன்றம் செல்லாதென அறிவித்தது. 2022 ஜூனில் நீதியரசர் கே. சந்துரு தலைமையில் அமைந்த குழு அறிக்கை தந்தது. அதன் பின்னர் அக்டோபரில் அவசரச் சட்டமும், அதே மாதம் 19ஆம் நாள் சட்டமன்றத்தில் மசோதாவும் வந்தன. ஆளுநர் 2023 மார்ச்சில் மசோதாவைத் திருப்பி அனுப்ப, மன்றம் அதை அம்மாதம் 23ஆம் நாள் மீண்டும் நிறைவேற்ற, ஏப்ரலில் ஒப்புதல் கிடைத்தது. அதே ஆண்டு நவம்பர் 9 அன்று உயர் நீதிமன்றம் சட்டத்தை ஏற்றுக்கொண்டு, ரம்மியையும் போக்கரையும் தடைப்பட்டியலில் சேர்த்ததை மட்டும் நீக்கியது. காரணம் பழையதுதான்: அவை திறன் விளையாட்டுகள்.

திறன் என்ற இந்த வாதத்தை அதன் சொந்தக் கணக்கிலேயே சோதிக்க வேண்டும். பந்தயம் கட்டுவதற்கு உத்திகள் உண்டு என்று நம்புவோர் அதிகமாகப் பேசுவது இரட்டிப்பு முறையை. மேலைநாட்டுச் சூதாடிகள் இதை மார்ட்டிங்கேல் என்பர். தோற்கும் ஒவ்வொரு முறையும் பணயத்தை இரு மடங்காக்கினால், என்றாவது ஒரு வெற்றி எல்லா இழப்பையும் மீட்டு முதல் பணயத்தின் அளவு லாபமும் தரும் என்பது அதன் கோட்பாடு. நூறு ரூபாயில் தொடங்குபவர் எட்டு முறை தொடர்ந்து தோற்றால் 25,500 ரூபாய் இழந்திருப்பார். ஒன்பதாவது ஆட்டத்துக்கு 25,600 ரூபாய் வேண்டும். அதில் வென்றாலும் கையில் மிஞ்சும் லாபம் நூறு ரூபாய்தான். காசு சுண்டுவதைப் போலச் சம வாய்ப்புள்ள ஆட்டத்தில் எட்டுத் தொடர் தோல்வி 256இல் ஒரு முறை நேரும். மற்ற 255 முறையும் நூறு நூறாக வென்று சேர்க்கும் தொகை 25,500. அந்த ஒரு முறையில் இழக்கும் தொகையும் 25,500. ஆக, முற்றிலும் நேர்மையான ஆட்டத்தில்கூட இந்த உத்தி ஈட்டித் தருவது பூச்சியம். அது செய்வதெல்லாம் சிறுசிறு மகிழ்ச்சிகளை முன்னால் வைத்துப் பெரிய இழப்பை ஓர் இரவுக்குத் தள்ளிவைப்பதே. சக்கர ஆட்டமான ரூலெட்டில் 37 கட்டங்களுள் ஒன்று விடுதிக்குச் சாதகமாக வைக்கப்பட்டிருப்பதால், சிவப்பா கறுப்பா என்று கட்டுபவர் ஒவ்வொரு நூறு ரூபாய்க்கும் சராசரியாக 2 ரூபாய் 70 காசு இழக்கிறார். எந்த வரிசையில் கட்டினாலும் இந்த விகிதம் மாறாது. 1913 ஆகஸ்ட் 18 அன்று மொனாக்கோவின் மான்டி கார்லோ விடுதியில் தொடர்ந்து 26 முறை கறுப்பே விழுந்தபோது, இனிச் சிவப்புதான் வரும் என்று கட்டியவர்கள் பெருந்தொகைகளை இழந்தனர். சக்கரத்துக்கு நினைவு இல்லை என்பதை அவர்கள் மறந்தார்கள்.

கணிதம் உண்மையிலேயே ஏற்கும் ஓர் உத்தி உண்டு. 1956இல் பெல் ஆய்வகத்தின் ஜான் கெல்லி வகுத்த சூத்திரம், ஒருவருக்கு உள்ள சாதகத்தின் அளவுக்கேற்பத் தம் கையிருப்பில் எவ்வளவு பங்கைப் பணயமாக வைக்கலாம் என்று சொல்கிறது. சாதகம் எதுவும் இல்லாதவருக்கு அது தரும் விடை பூச்சியம்.

இணைய ரம்மியில் இந்தக் கணக்கு வேறு வடிவம் எடுத்தது. அங்கே நிறுவனம் ஆடியதில்லை. ஆடுபவர்கள் கட்டும் தொகையிலிருந்து ஒரு பங்கைக் கட்டணமாக எடுத்துக்கொண்டது. அந்தப் பங்கு பத்தில் ஒன்று என்று கொண்டால், சம திறன் உள்ள இருவர் நூறு நூறு ரூபாய் வைத்து இருபது ஆட்டம் ஆடினால் ஒவ்வொருவரும் சராசரியாக 200 ரூபாய் இழந்திருப்பர், யார் வென்றாலும். இந்தக் கழிவைத் தாண்டி லாபம் பெற ஒருவர் எதிராளியைவிட மிகவும் தேர்ந்தவராக இருக்க வேண்டும். அவருக்கு லாபம் வரும் வழியோ தேர்ச்சி இல்லாதவரின் இழப்பு ஒன்றே. தேறாதவர்கள் தொடர்ந்து வந்துகொண்டிருந்தால்தான் ஆட்டம் நிலைக்கும். முதல் முறை சேர்பவருக்கு இலவச ஊக்கத்தொகை, நடிகர்களும் கிரிக்கெட் வீரர்களும் தோன்றிய விளம்பரங்கள் என எல்லாம் இந்த வரத்துக்காகத்தான். எனவே திறன் என்ற வாதம் சட்டத்தில் ஆட்டத்தைக் காப்பாற்றும் அதே வேளையில் அறத்தில் அதன் குற்றத்தைக் கூட்டுகிறது. பகடைக்கு முன்னால் அறிந்தவரும் அறியாதவரும் சமம். திறன் ஆட்டத்திலோ அறியாதவர் வருமானமாக மாற்றப்படுகிறார்.

இதற்கு எதிராக ஆலங்குடி வட்டாரத்தில் எவரும் சொல்லக்கூடிய ஒரு மறுமொழி உண்டு: விவசாயமே சூதாட்டம்தான். வடகாட்டின் பலா, கீரமங்கலத்தின் பூ, சுற்றியுள்ள வாழையும் தென்னையும் எல்லாம் மழையையும் ஆழ்துளைக் கிணற்றையும் சந்தை விலையையும் நம்பி வைக்கப்பட்ட பணயங்கள்தாம். 2018 நவம்பர் 16 அதிகாலை கரை கடந்த கஜா புயல், பல்லாண்டு வளர்ந்த தென்னைகளையும் பலா மரங்களையும் ஒரே இரவில் சாய்த்தது. வாய்ப்பின் கொடுமையை இதைவிடத் தெளிவாகக் காட்டும் ஆட்டம் இல்லை என்பது உண்மை. ஆனால் இவ்விரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாடு ஆழமானது. புயலில் சாய்ந்த மரத்தால் எவரும் லாபம் அடையும்படி புயல் வடிவமைக்கப்படவில்லை. விளைந்த பூவால் உழவரும் வாங்கியவரும் ஒருங்கே பயன் பெற முடியும். சூதிலோ புதிதாக எதுவும் விளைவதில்லை. ஒருவரின் இழப்பே இன்னொருவரின் வரவு, இருவரின் பணயத்திலும் ஒரு பங்கு மேடை நடத்துபவரின் வருமானம். இடர் இருப்பதால் உழவு சூதாகிவிடாது. இழப்பையே சரக்காக்கி விற்பதுதான் சூது.

அடுத்த கேள்வியே இக்கட்டுரையின் மையம்: வைக்கப்படும் பணயம் யாருடையது? பாரதக் கதையில் தருமன் நாட்டையும் தம்பியரையும் தன்னையும் இழந்த பின் பாஞ்சாலியை வைத்தபோது, அவள் அவைக்கு அனுப்பிய கேள்வி சூதின் நன்மை தீமையைப் பற்றியதன்று. தன்னை முன்பே இழந்துவிட்ட ஒருவனுக்கு இன்னொருவரைப் பணயம் வைக்கும் உரிமை எங்கிருந்து வந்தது என்பதே அது. அந்த அவையில் பீஷ்மராலும் அதற்கு நேரான விடை சொல்ல முடியவில்லை. அக்கேள்வி ஒரு சட்ட நுணுக்கமாகத் தோன்றினாலும், அதன் அடியில் இருப்பது ஒரு மனிதரின் பணயத்துக்குள் பிறருடைய வாழ்க்கை சேர்ந்திருக்கிறது என்னும் உண்மை. ஆலங்குடி போன்ற ஊரில் ஒரு குடும்பத்தின் பணம் ஒருவருடைய பணமாக இருப்பது அரிது. கூட்டுறவுச் சங்கத்தில் அடகு வைத்துப் பெற்ற நகைக்கடன், மகளிர் குழு மூலம் வாங்கி வாராவாரம் தவணை கட்டும் குழுக்கடன், வெளிநாட்டிலிருந்து மகன் வீடு கட்ட அனுப்பிய தொகை, பிள்ளையின் கல்லூரிக் கட்டணம் என்று ஒவ்வொரு ரூபாயின் மேலும் இன்னொருவரின் உழைப்பும் எதிர்பார்ப்பும் இருக்கின்றன. வயது வந்த ஒருவர் தம் பணத்தை விரும்பியபடி செலவிடும் உரிமை உடையவர் என்ற வாதம், அந்தப் பணம் அவருடையது மட்டுமே என்று முன்கூட்டியே கொண்டுவிடுகிறது. குழுக்கடனில் ஒருத்தியின் தவணை தவறினால் குழுவின் மற்ற பெண்கள் அதை ஈடுசெய்ய நேர்கிறது. அவர்களுள் ஒருவரும் எந்த ஆட்டத்துக்கும் ஒப்புதல் தந்தவர் அல்லர்.

பழைய ஊர்ச் சூதும் தீங்கானதே. வெட்டுச்சீட்டு ஆடியவர்களும் நிலத்தை இழந்ததுண்டு. எனினும் அதைச் சுற்றிச் சில வேலிகள் இருந்தன: கையிலிருந்த ரொக்கம் தீர்ந்தால் எழ வேண்டும், எதிரே அமர்ந்தவர் முகம் தெரியும், செய்தி மறுநாள் வீட்டுக்கு எட்டும், இருட்டினால் ஆட்டம் கலையும். கைப்பேசி இந்த வேலிகள் அனைத்தையும் ஒரே நேரத்தில் பிடுங்கிவிட்டது. நள்ளிரவில், எவரும் அறியாமல், வங்கிக் கணக்கு காலியான பின்னும் உடனடிக் கடன் செயலியின் உதவியோடு ஆட முடிந்தது. 2025 பிப்ரவரியில் தமிழ்நாடு இணையவழி விளையாட்டு ஆணையம் வகுத்த ஒழுங்குமுறைகள், நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை பண ஆட்டங்களுக்குத் தடை விதித்ததும், ஆதார் வழி அடையாளச் சரிபார்ப்பைக் கட்டாயமாக்கியதும், பதினெட்டு வயதுக்குக் குறைந்தவரை விலக்கியதும், அழிந்த வேலிகளுள் சிலவற்றை மீண்டும் நட்ட முயற்சி எனலாம். அதே ஆண்டு ஜூனில் உயர் நீதிமன்றம் அவற்றை ஏற்றது சரியானதே.

அரசின் கையும் இவ்விவகாரத்தில் தூய்மையாக இருந்ததில்லை. 1968இல் தமிழ்நாடு அரசே பரிசுச்சீட்டு நடத்தத் தொடங்கியது. 2003இல்தான் எல்லாப் பரிசுச்சீட்டுகளும் தடைசெய்யப்பட்டன. ஒன்றிய அரசு 2023 அக்டோபர் முதல் பண ஆட்டங்களில் கட்டப்படும் முழுத் தொகைக்கும் 28 விழுக்காடு சரக்கு மற்றும் சேவை வரி விதித்தது. தீங்கென்று அறிந்ததிலிருந்து வருவாய் எடுத்த இந்த இடைக்காலம் நீண்டது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம்தான் திறன், வாய்ப்பு என்ற பிரிவினையையே ஒதுக்கிவைத்து, பணம் வைத்து ஆடும் எல்லா இணைய ஆட்டங்களையும் தடை செய்தது. ஆட்டம் நடத்துவோருக்கு மூன்றாண்டு வரை சிறையும் ஒரு கோடி ரூபாய் வரை அபராதமும் விதிக்க அதில் இடமுண்டு. அந்தப் பிரிவினையைக் கைவிட்டது அறநோக்கில் சரியான முடிவு.

ஆனால் அந்தச் சட்டமும் தமிழ்நாட்டுச் சட்டமும் ஓரிடத்தில் வேறுபடுகின்றன. அந்த வேறுபாடு போதிய கவனம் பெறவில்லை. ஒன்றியச் சட்டம் ஆடியவரைத் தண்டிப்பதில்லை. அவரைப் பாதிக்கப்பட்டவராகக் கருதுகிறது. தமிழ்நாட்டுச் சட்டமோ ஆடியவருக்கும் மூன்று மாதம் வரை சிறை அல்லது ஐயாயிரம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் என்கிறது. உலக நலவாழ்வு நிறுவனத்தின் நோய்ப் பட்டியல், கட்டுப்படுத்த இயலாத சூதாட்டத்தை ஒரு நோய்நிலையாகவே வகைப்படுத்துகிறது. இழக்க இழக்கச் சூதின் மேல் காதல் மிகும் என்பதைத் திருவள்ளுவர் துன்பப்படத் துன்பப்பட உடலின் மேல் உயிருக்கு மிகும் பற்றோடு ஒப்பிட்டிருப்பதும் இதே நிலையைத்தான் காட்டுகிறது. அப்படிப்பட்டவருக்குச் சிறையைக் காட்டுவதால் அவர் ஆட்டத்தை விடப்போவதில்லை, கடனை மறைப்பார். மறைத்த கடனே உயிரிழப்புகளுக்கு இட்டுச்செல்கிறது. கணவரின் இழப்பை வெளியில் சொன்னால் வழக்கு வரும் என்று அஞ்சும் மனைவி காவல் நிலையத்துக்கும் போகமாட்டார், மருத்துவமனைக்கும் போகமாட்டார்.

ஆடுபவரைத் தண்டிக்கும் அந்தப் பிரிவைத் தமிழ்நாடு அரசு நீக்க வேண்டும். நடத்துபவர், விளம்பரம் செய்பவர், பணப் பரிமாற்றத்துக்குத் தம் வங்கிக் கணக்கை வாடகைக்கு விடுபவர் ஆகியோர் மீது அதே சட்டம் தளராமல் நிற்கட்டும். ஆலங்குடியிலும் அதைச் சுற்றிய ஊர்களிலும் இப்போதே கடனில் சிக்கி எவரிடமும் சொல்லாமல் இருப்பவர்கள், டெலிமானஸ் என்னும் அரசு மனநலத் தொலைபேசிச் சேவையின் 14416 என்ற எண்ணை எந்த நேரத்திலும் கட்டணமின்றி அழைத்துப் பேசலாம்.