தலையெழுத்தும் தேய்ந்த மரையும்

தொப்பூர் கணவாயில் இறங்கிச் சேலத்தை நோக்கி வரும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை ஓமலூரைத் தொட்டுக்கொண்டு போகிறது. டயர்க் கடை, பஞ்சர் கடை, பட்டறை, உதிரிபாகக் கடை என்று வண்டியை நம்பிப் பிழைக்கிறவர்கள் இந்தச் சாலை நெடுகிலும் உண்டு. இன்னும் தெற்கே சங்ககிரியும் நாமக்கல்லும் லாரித் தொழிலால் நாடறிந்த ஊர்கள். ஸ்பேனர் பிடித்துப் பழகிய கைகள் நிறைந்த இந்தச் சீமையில், காரின் முன்பக்க ஸ்பிரிங் உடைந்தால் வீட்டு வாசலிலேயே கழற்றி மாற்றிவிடலாம் என்று ஒருவர் துணிவதில் வியப்பில்லை. அந்த வேலையில் கையோ முகமோ அடிபட்டுவிட்டால் அக்கம்பக்கத்தில் எழும் பேச்சைத்தான் கவனிக்க வேண்டும். "வாகனத்துல கண்டம் இருந்திருக்கு" என்பார்கள். "நேரம் சரியில்லை", "தலையெழுத்து" என்பார்கள். இவற்றை மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிடுவது எளிது, நான் ஒதுக்கவில்லை. வினைப்பயனை நம்புகிறவர் எந்த விபத்தை வினைப்பயன் என்று சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்பது சமயத்துக்குள்ளேயே நின்று கேட்க வேண்டிய கேள்வி. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: சரியான கருவியை எடுத்து, அதை முறையாகக் கையாண்டு, அதற்குப் பிறகும் அடிபட்டவருக்கு மட்டுமே விதி என்று சொல்லும் உரிமை உண்டு.

இதை விளங்கிக்கொள்ள அந்த ஸ்பிரிங்கைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டும். லாரியிலும் பழைய வில்வண்டியிலும் இருப்பது கமான் பட்டை. அம்பாசடர் காரின் பின்பக்கத்திலும் அதுதான். வண்டியைத் தூக்கி நிறுத்திச் சுமையை இறக்கிவிட்டால் பட்டை ஏறக்குறைய ஓய்ந்துவிடும். 1983இல் வந்த மாருதி 800 முன்சக்கரத்துக்கு வேறோர் அமைப்பைப் பரவலாக்கியது. அமெரிக்கப் பொறியாளர் ஏர்ல் மெக்ஃபர்சனின் பெயரால் வழங்கும் ஸ்ட்ரட் அது: ஷாக் அப்சார்பரைச் சுற்றிச் சுருள் ஸ்பிரிங், மேலும் கீழும் ஒவ்வொரு தட்டு, நடுக்கம்பியின் உச்சியில் ஒரே ஒரு நட்டு. காரை ஜாக்கியில் ஏற்றிச் சக்கரத்தைக் கழற்றி, ஸ்ட்ரட்டை வெளியே எடுத்துத் தரையில் கிடத்திய பிறகும் இந்த ஸ்பிரிங் ஓய்வதில்லை. அந்த ஒற்றை நட்டு அதை அடக்கி வைத்திருக்கிறது. ஒரு மில்லிமீட்டர் அழுத்துவதற்கு 25 நியூட்டன் விசை கேட்கும் ஸ்பிரிங் என்று வைத்துக்கொள்வோம். சின்னக் கார்களில் இது வழக்கமான அளவுதான். அதைக் கழற்றவோ பூட்டவோ 12 சென்டிமீட்டர் அழுத்திப் பிடித்தால் 300 கிலோவுக்கு மேற்பட்ட விசை அதில் நிற்கிறது. தேங்கிய ஆற்றல் 180 ஜூல், அதாவது பத்துக் கிலோ கல் ஓர் ஆள் உயரத்திலிருந்து விழும்போது பெறுகிற ஆற்றல். கருவியால் அழுத்திப் பிடிக்காமல் அந்த நடு நட்டைத் திருகிவிட்டால், ஸ்ட்ரட்டில் அடங்கியிருந்த ஆற்றல் மேல்தட்டோடு சேர்ந்து எதிரே இருக்கும் முகத்துக்குத்தான் வரும்.

இதற்கென்றே ஸ்பிரிங் கம்ப்ரஸர் என்ற கருவி இருக்கிறது. நீளமான மரைக்கம்பிகள் இரண்டு, ஒவ்வொன்றிலும் ஸ்பிரிங்கின் சுற்றைக் கவ்வும் கொக்கிகள். இரண்டையும் நேர் எதிரெதிராக மாட்டி, ஒருபக்கம் சில சுற்று, மறுபக்கம் சில சுற்று என்று மாறி மாறி முறுக்க வேண்டும். ஒருபக்கமே முறுக்கினால் ஸ்பிரிங் வில்லாக வளைந்து கொக்கியை உதறிவிடும். தட்டிலிருந்து ஸ்பிரிங் தளர்ந்து கையால் அசைக்க வந்த பிறகே நடு நட்டில் ஸ்பேனர் வைக்க வேண்டும். காரை ஜாக்கியை மட்டும் நம்பி விடாமல் அடியில் ஸ்டாண்ட் கொடுக்க வேண்டும். மரைக்குக் கிரீஸ் தடவ வேண்டும். ஸ்பிரிங்கின் வாய்க்கு நேரே முகத்தைக் கொண்டுபோகக் கூடாது. வலப்பக்கம் உடைந்திருந்தாலும் இடப்பக்கத்தையும் சேர்த்தே மாற்ற வேண்டும், ஏனென்றால் அதுவும் அதே மழையையும் அதே பள்ளங்களையும் பார்த்த இரும்பு. இவ்வளவும் தெரிந்த விஷயங்கள். ஸ்பிரிங் உடைவதும் அப்படித்தான். பெரும்பாலும் கீழ்த்தட்டை ஒட்டிய கடைசிச் சுற்றில் சேறும் நீரும் தங்கி, கல் தெறித்துப் பெயின்ட் உரிந்த இடத்தில் துரு குழி விழும். அந்தக் குழியிலிருந்து மயிரிழை விரிசல் ஒன்று ஒவ்வொரு வேகத்தடையிலும் ஒரு துளி முன்னேறும். ஒரு காலை திடீரென்று 'டக்' என்று கேட்பது, மாதக்கணக்கில் நடந்த வேலையின் கடைசி ஒலி.

காரணம் தேடுவதில் நம் சமயம் இதைவிட நுட்பமானது. ஒரு பானை உண்டாவதற்குச் சைவ சித்தாந்தம் மூன்று காரணங்களைப் பிரித்துச் சொல்கிறது. மண் முதற்காரணம், தண்டும் சக்கரமும் துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம். உலகத் தோற்றத்தை விளக்க எடுத்த உவமையில்கூடக் கருவியை விட்டுவிடாமல் அதற்கென்று ஓர் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். செயல் தொடங்குமுன் எண்ண வேண்டிய ஐந்தில் ஒன்றாக வள்ளுவரும் கருவியை வைத்தார். அங்கே பேச்சு அரசியலைப் பற்றியது என்றாலும், கருவியைக் கணக்கில் எடுக்காத செயலை அவர் செயலாகவே மதிக்கவில்லை. சித்தாந்தத்தின் அந்த மூன்று காரணங்களை வீட்டு வாசலில் நடக்கும் விபத்துக்கும் பொருத்திப் பார்க்கலாம். அடக்கிய எஃகு முதற்காரணம், அதை அடக்கக் கையாண்ட பொருள் துணைக்காரணம், முறுக்கிய ஆள் நிமித்தம். கட்டுக்கம்பியாலோ பழைய கயிற்றாலோ ஸ்பிரிங்கைக் கட்டிவிட்டு நட்டைக் கழற்றியவருடைய விபத்தில் இந்த மூன்றும் கண்ணெதிரே கிடக்கின்றன. அவற்றைத் தாண்டி நான்காவதாக ஒரு விதியைக் கூப்பிட வேண்டிய அவசியம் அங்கே இல்லை.

வினைக் கொள்கையை முழுதாக நம்புகிறவருக்கு இதைவிடக் கண்டிப்பான பதில் இருக்கிறது. வினையைச் சஞ்சிதம், பிராரத்தம், ஆகாமியம் என்று மூன்றாக வகுத்திருக்கிறார்கள். சேர்த்து வைத்த வினை சஞ்சிதம். அதிலிருந்து இந்தப் பிறவியில் நுகர வந்தது பிராரத்தம். நுகரும்போதே இப்போது புதிதாக ஈட்டுவது ஆகாமியம். ஸ்பிரிங் உடைந்ததைப் பிராரத்தம் என்று ஒருவர் சொன்னால் நான் மறுக்க மாட்டேன். உடைந்த ஸ்பிரிங்கின் முன் உட்கார்ந்து எதைக் கையில் எடுப்பது என்று தீர்மானிக்கும் கணம் ஆகாமியத்தின் கணம். அந்தக் கணத்தில் செய்ததைக் கொண்டுபோய்ப் பழைய பிறவியின் கணக்கில் எழுதுவது பக்தி ஆகாது. செய்தவர் தம் கணக்கை மாற்றி எழுதுகிறார், அவ்வளவுதான்.

எடுக்கும் கருவியும் எழுதி வைத்தபடிதான் என்றால்? இந்தத் தடையைச் சிறிதாக நினைக்கக் கூடாது. தமிழ்நாட்டில் நெடுங்காலம் பேசப்பட்ட தத்துவம் ஒன்று இதையே சொன்னது. மக்கலி கோசாலரின் ஆசீவகம் நியதியை எல்லாவற்றுக்கும் மேலே வைத்தது. மணிமேகலை ஆசீவகரின் கொள்கையை ஒரு காதையில் எடுத்துரைக்கிறது. பின்னால் நீலகேசியும் சிவஞான சித்தியாரின் பரபக்கமும் வரிசையாக அதனோடு வாதிட்டன. பல நூற்றாண்டுகளாக, சமணரும் சைவரும் தத்தம் பக்கத்திலிருந்து, இதை விடாமல் மறுத்ததற்குக் காரணம் உண்டு. முயற்சிக்கு இடமில்லை என்றால் அறத்துக்கும் இடமில்லை என்று அவர்கள் கண்டார்கள். அதோடு, நியதியை வாயால் சொல்கிறவர் யாரும் நியதிப்படி வண்டி ஓட்டுவதில்லை. புதுக் காரின் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைப்பவர் வருவதைத் தடுக்க முடியும் என்று நம்புவதால்தான் வைக்கிறார். பழம் வைக்க விதி இடம் கொடுக்குமானால், ஸ்டாண்ட் வைக்கவும் இடம் கொடுக்கும்.

அனுபவத்தின் பெயரால் வரும் மறுப்பு இன்னும் வலுவானது. சாலையோரப் பட்டறைகளில் இத்தனை வருடமாகக் கம்பியைக் கட்டியும் கடப்பாரையைக் கொடுத்தும் ஸ்பிரிங் மாற்றியவர்கள் நன்றாகத்தானே இருக்கிறார்கள் என்று கேட்பார்கள். நன்றாக இருக்கிறவர்களிடம் மட்டும் கேட்டால் அப்படித்தான் பதில் வரும். விரலோ கண்ணோ போனவர் பட்டறையை விட்டே போயிருப்பார். அவர் அனுபவத்தைச் சொல்ல அங்கே ஆள் இருக்காது. இதற்குள் ஏழ்மையின் நியாயமும் இருக்கிறது, அதை நான் மதிக்கிறேன். தினக்கூலிக்கு வேலை செய்யும் பையன் கருவியை வாங்கிக்கொண்டு வர முடியாது. அவனைக் குறை சொல்வது அநியாயம். அவன் கம்பியைக் கட்டி வேலை செய்து அடிபட்டால், அங்கே நிமித்த காரணம் அவன் மட்டுமல்ல. கருவி வாங்கித் தராமல் "சூதானமா செய்டா" என்று சொல்லிவிட்டு நகர்ந்த பட்டறை முதலாளியும் நிமித்தம்தான். தொழிலாளியின் காயத்துக்கு அவன் தலையெழுத்தைக் காரணம் காட்டுவது, முதலாளியின் வினையை அவன் நெற்றியில் எழுதுவது. விதி என்ற சொல் இந்த நாட்டில் செய்த கொடுமைகளில் இது ஒன்று, இதை நான் கோபத்தோடுதான் சொல்கிறேன். மாதத்துக்கு ஒருமுறை தேவைப்படும் கருவியை நான்கு பட்டறைகள் சேர்ந்து வாங்கி மாற்றி மாற்றிப் பயன்படுத்துவதற்குப் பெரிய முதல் எதுவும் தேவையில்லை. வீட்டில் செய்கிறவரும் ஒருநாள் வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம்.

அவரவர் தொழிலை அவரவர் செய்வதுதானே தர்மம், கார் வைத்திருப்பவருக்கு மெக்கானிக் வேலை எதற்கு என்பாரும் உண்டு. இந்த வாதம் எங்கே போய் முடிந்தது என்று நமக்குத் தெரியும். கொல்லன் மகன் கொல்லன், மற்றவர் கை இரும்பைத் தொடாது என்ற ஏற்பாட்டில் அறிவு ஒருபக்கமும் மரியாதை வேறுபக்கமும் தேங்கின. கிரீஸ் படிந்த கை தாழ்ந்தது என்ற எண்ணம் இன்னும் முழுதாகப் போகவில்லை. ஒரு வீட்டில் ஆசிரியரோ குமாஸ்தாவோ சரியான கருவியோடு கீழே உட்கார்ந்து அந்த வேலையைப் பொறுமையாகச் செய்தால், அடுத்தமுறை மெக்கானிக்கின் கூலியைப் பேரம் பேச அவர் நா கூசும். ஆனால் பிறருடைய தொழிலை எடுத்துக்கொள்கிறவர் அந்தத் தொழிலின் கட்டுப்பாட்டையும் சேர்த்தே எடுத்துக்கொள்ள வேண்டும். கருவி கிடைக்கவில்லை என்றால் அன்று வேலை இல்லை. நடுவில் சந்தேகம் வந்தால் தெரிந்தவரைக் கூப்பிட வேண்டும். முடிந்ததும் அலைன்மென்ட் பார்க்கப் பட்டறைக்குப் போக வேண்டும்.

ஓமலூருக்குத் தெற்கே இருக்கும் கஞ்சமலையின் கதை ஒன்று என் வாதத்துக்கு எதிராக நிற்கிறது. இரும்புத்தாது நிறைந்த மலை அது. அடிவாரத்தில் சேலம் உருக்காலை. சித்தர் கோயிலால் மக்கள் மனத்தில் நிற்கும் மலையும் அதுவே. திருமூலரின் முதிய சீடர் காலாங்கிநாதர் குருவுக்குச் சோறாக்கும்போது, கையில் அகப்பட்ட ஏதோ ஒரு குச்சியால் கிளறினார். சோறு கறுத்தது. பயந்துபோய் அதைத் தாமே உண்டார், இளைஞர் ஆனார் என்பது செவிவழியாக வரும் கதை. அகப்பை இல்லாமல் அகப்பட்டதைக் கொண்டு கிளறியவருக்கு இளமை கிடைத்ததே என்று ஒருவர் கேட்கலாம். கேட்பவர் அந்தப் பயத்தைக் கவனிக்க வேண்டும். காலாங்கிநாதர் குச்சியின் மகிமையை எதிர்பார்த்துக் கிளறவில்லை, கறுத்த சோற்றைக் குருவுக்குப் படைக்கவும் துணியவில்லை. தம் தவறு என்று நினைத்து அதன் விளைவைத் தாமே ஏற்றார். அருள் அப்படி வரலாம். வரும் என்று எண்ணித் தவறான குச்சியை எடுப்பது அருளை நம்புவது ஆகாது, அருளைச் சோதிப்பது ஆகும்.

இத்தனைக்கும் பிறகு மிச்சம் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. நல்ல கம்ப்ரஸரின் கொக்கியிலும் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கலாம், முறைப்படி செய்தவரும் அடிபடலாம். அங்கே விதி என்று சொன்னால் நான் தலைவணங்குவேன். மனிதன் செய்யக்கூடியது தீர்ந்த இடத்தில்தான் அந்தச் சொல் புனிதமாகிறது. அந்த இடத்துக்கு வந்து சேருவதற்கு முன்பே அதை எடுத்துச் செலவழித்துவிடுகிறோம் என்பதே என் குறை. ஆயுத பூஜைக்குக் கருவிகளைக் கழுவி அடுக்கி, சந்தனம் குங்குமம் வைத்து, பொரி கடலை படைத்து, அன்று அவற்றுக்கு ஓய்வு கொடுக்கிறோம். அழகான வழக்கம், அது தொடரட்டும். பட்டறை வைத்திருப்பவர்களிடமும் வீட்டில் கருவி வைத்திருப்பவர்களிடமும் நான் கேட்பது ஒன்றுதான்: இந்த வருடம் பொட்டு வைக்குமுன் ஒவ்வொரு மரையையும் துடைத்து வெளிச்சத்தில் பாருங்கள், ஒவ்வொரு கொக்கியையும் விரலால் தடவிப் பாருங்கள். தேய்ந்ததையும் விரிசல் விட்டதையும் பூஜையில் வைக்காமல் பழைய இரும்புக் கடைக்குப் போடுங்கள். அந்த இடத்தில் புதியது ஒன்றை வாங்கி வைத்துவிட்டுக் கற்பூரம் ஏற்றுங்கள்.